சார்ஜரைப் பிடுங்கினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இது சின்ன விஷயம்தான், செய்தால் பலன் உண்டா?" பலனை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 0.35 யூனிட் மின்சாரம் ஆகும். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். கீழே வரும் பதில்களில் இந்த 0.35 யூனிட்டை 'ஒரு வாளி' என்றே சொல்கிறோம்.

கேள்வி: போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் தினமும் சண்டை. அவ்வளவு மின்சாரமா வீணாகிறது?

வீணாகிறது என்பது உண்மை, 'அவ்வளவு' என்பது உண்மையில்லை. இப்போது வரும் சார்ஜர் போன் இல்லாமல் சும்மா செருகியிருந்தால் 0.1 வாட் அளவில்தான் இழுக்கும். ஆண்டு முழுக்க அப்படியே கிடந்தாலும் 0.9 யூனிட்டைத் தாண்டாது. அதாவது ஆண்டுக்கு இரண்டரை வாளி வெந்நீர். சண்டைக்குக் கட்டுப்படியாகாது.

சண்டை போட வேண்டிய ஆள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். செட்டாப் பாக்ஸ்களில் பல, ரிமோட்டில் அணைத்த பிறகும் ஏறக்குறைய பழைய அளவே மின்சாரம் இழுக்கும்; விளக்கின் நிறம் மாறுவது மட்டும்தான் வித்தியாசம். 10 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 88 யூனிட், 250 வாளி. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பழைய கனமான அடாப்டர்களையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். சூடாக இருக்கிறது என்றால் அந்தச் சூடு மீட்டர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று 1600, 3200 என்பது போல ஓர் எண் இருக்கும். இரவில் விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜையும் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இரண்டு சிமிட்டல்களுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மீட்டரின் எண் 3200 என்றால் 1125ஐ அந்த விநாடிகளால் வகுக்க வேண்டும். 1600 என்றால் 2250ஐ. விடை வாட்டில் வரும். 3200 மீட்டர் 20 விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டினால், யாரும் எதுவும் பயன்படுத்தாத வீடு 56 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள், ஆள் அகப்படுவார். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட வேண்டாம்!

ஒரு விதிவிலக்கு: இங்க்ஜெட் பிரின்டரைச் சுவர் சுவிட்சில் நேரடியாக அணைக்காதீர்கள். அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் மை தெளிக்கும் தலை தன் மூடிக்குள் போய் உட்காரும். இல்லாவிட்டால் துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும்; அவற்றைச் சுத்தம் செய்யவே மை போய்விடும்.

கேள்வி: தொட்டி வைத்த வெந்நீர்க் கருவியை நாள் முழுக்க ஆனில் விட்டால் மின்சாரம் மிச்சம், அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் செலவு என்கிறார் நண்பர். சரியா?

தவறு. தொட்டியிலிருந்து கசியும் வெப்பம், உள்ளே இருக்கும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் சூடாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கசிவு உண்டு. ஆறிய தண்ணீரில் கசிவு குறையும். மறுபடி சூடாக்க ஆகும் செலவு, கசிந்துபோனதை ஈடுகட்டுவதுதான். அதற்கு மேல் அபராதம் எதுவும் இல்லை. குளிப்பதற்கு 15, 20 நிமிடம் முன்பு போட்டு, பிறகு அணைப்பதே சிக்கனம்.

எப்போதும் ஆனில்தான் இருக்க வேண்டும் என்கிற பெரிய குடும்பமானால், மிச்சம் பிடிக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 40, 45 டிகிரியில் நிறுத்தாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரிவரை உள்ள தேங்கிய நீரில் சுகமாகப் பெருகும். தேக்கிவைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்கட்டும். குழாயில் வரும்போது குளிர்ந்த நீரைக் கலந்துகொள்ளுங்கள்.

பெரிய மிச்சம் ஷவர் தலையில் இருக்கிறது. ஷவரை ஒரு வாளிக்குள் திருப்பி, சரியாக ஒரு நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். 9 லிட்டர் வந்தால், எட்டு நிமிடக் குளியலுக்கு 72 லிட்டர், ஏறக்குறைய 1.7 யூனிட், ஐந்து வாளிக் கணக்கு. நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் தலையை மாற்றினால் அதே எட்டு நிமிடம் 1.1 யூனிட்டில் முடிந்துவிடும். மாற்றுவதற்கு ஒரு ஸ்பானரும் டெஃப்லான் டேப்பும் போதும். மரையில் டேப்பை மூன்று சுற்று, மரை முடுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்து, கசியும்.

கேள்வி: சமையல் எரிவாயுவை மிச்சப்படுத்த மூடி போட்டுச் சமைக்கச் சொல்கிறார்கள். ஒரு மூடியில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 314 கிலோஜூல் வெப்பம் போதும். கொதித்த அதே ஒரு லிட்டரை ஆவியாக்கித் தீர்க்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்கு! திறந்த பாத்திரத்திலிருந்து எழும் ஒவ்வொரு புகைச்சுருளும் இந்த விலையில்தான் வெளியேறுகிறது. மூடி அதைத் தடுத்து உள்ளேயே சொட்டவைக்கிறது.

இதிலிருந்தே அடுத்த பாடமும் வருகிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர், சுடரை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே தளதளவென்று கொதிப்பதும் மெல்லக் குமிழியிட்டுக் கொதிப்பதும் உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒன்றுதான். கொதி வந்ததும் சுடரைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிடுங்கள். சமையல் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை 117 முதல் 121 டிகிரிவரை உயர்கிறது, நேரம் அதனால்தான் குறைகிறது. ஆனால் விசில் என்பது உள்ளே அழுத்தம் நிறைந்துவிட்டது என்கிற செய்தி. வேகவைப்பது விசில் இல்லை, அந்தச் சூட்டில் கழியும் நிமிடங்கள். முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து, விசிலை எண்ணுவதற்குப் பதில் கடிகாரத்தைப் பாருங்கள்.

சுடர் பாத்திரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நக்கினால் அவ்வளவும் சமையலறையைச் சூடாக்கத்தான் போகிறது. சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படிகிறதா? பர்னருக்குப் போதிய காற்று போகவில்லை. பர்னர் தலையைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்தபின் பொருத்துங்கள். ஈரத்தோடு பொருத்தினால் சுடர் படபடவென்று அடிக்கும்.

கேள்வி: ஃபிரிட்ஜின் திருகியில் 1 முதல் 7 வரை எண்கள். எதில் வைப்பது?

அந்த எண்கள் வெப்பநிலை இல்லை. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிரும் கூடும். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தெர்மாமீட்டரை நட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் போதும், உறைப்பெட்டிக்குக் கழித்தல் 18. கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பெரும்பாலும் அழுக்குதான் காரணம், சோப்பு நீரில் துடைத்தாலே சரியாகும். உறைப்பெட்டியில் பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் உருக்கிவிடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், குழாயில் ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜே போய்விடும்.

கேள்வி: ஏசியை விடவே முடியாத கோடை. குறைந்தபட்சம் எப்படிப் பொறுப்பாகப் பயன்படுத்துவது? ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது, ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். நிரப்பத் தேவையில்லை. ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு எரிபொருள் மாதிரித் தீர்ந்துபோவதில்லை. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் மேலே நிரப்புவது, பஞ்சரான டயருக்குக் காற்றடிப்பது போல. சூழல் கணக்கில் இது சில்லறை விஷயமும் இல்லை: ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 900 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு இணை! ஆர்-32 வாயுவுக்கு இந்த எண் 675. பழுது பார்க்க வருபவரிடம் "முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள், பிறகு நிரப்பலாம்" என்று சொல்லுங்கள். குழாய் இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும்.

வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுற்றவிட்டால் பலருக்கு அதுவே போதும். அறைக்குள் நுழைந்ததும் 16இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது, லிஃப்ட் பொத்தானைப் பத்து முறை அழுத்துவது போன்ற பழக்கம். சாதாரண கம்ப்ரசர் எந்த எண்ணிலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 வரை நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, உங்கள் வியர்வையை உலர்த்திக் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் சுற்றும் 70 வாட் விசிறி அந்த அறையை 70 வாட் அளவுக்குச் சூடாக்குகிறது. காற்றே 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்புக்குச் சூட்டைத்தான் தள்ளும். அப்போது ஈரத்துணி, குளிர்ந்த நீர், நிழல் என்று போய்விடுங்கள்.

கேள்வி: பால்கனியில் வாளி வைத்து உரம் தயாரிக்கத் தொடங்கினேன். பத்தாவது நாளே நாற்றம், சின்ன ஈக்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?

போட வேண்டாம், சரிசெய்துவிடலாம். நாற்றம் எந்த வகை என்று முதலில் சொல்லுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை. ஈரம் அதிகமாகி, காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் வேலையைக் கைப்பற்றிவிட்டன. மூக்கைக் குத்தும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் அதிகம், கரிமம் குறைவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காய்ந்த இலைச்சருகு, கிழித்த அட்டை, அச்சில்லாத தாள் இவற்றைத் தாராளமாகச் சேர்த்து, அடிவரை கிளறுங்கள். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற விகிதம் பிடிக்கும். சமையலறைக் கழிவில் கரிமம் அதற்குப் போதாது. சருகிலும் அட்டையிலும் தேவைக்கு மேலேயே உண்டு. வீட்டில் யாரும் எடை போட்டுச் செய்ய முடியாது, ஆகவே ஒரு குவளை ஈரக்கழிவுக்கு இரண்டு குவளை உலர்ந்த பொருள் என்று அளந்து போடுங்கள். மரத்தூள் கிடைத்தால் கொஞ்சமாகக் கலக்கலாம். அதையே முழுக்கப் போட்டால் கரிமம் மிதமிஞ்சி, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வாளியின் அமைப்பையும் பார்த்துவிடுங்கள். 20 லிட்டர் வாளி, அதன் பக்கங்களில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 8 மில்லிமீட்டர் துளைகள், அடியில் ஆறு துளைகள். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, கீழே கசிவுநீர் பிடிக்க ஒரு தட்டு. தரையிலேயே வைத்தால் அடித்துளைகள் அடைபட்டு மேலே சொன்ன முட்டை நாற்றம் வரும். அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுள்ளி அல்லது சுருட்டிய அட்டை, அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய உரமோ தோட்டத்து மண்ணோ. கழிவை விரல் நீளத்துக்கும் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி அடுக்கு உலர்ந்த பொருளாகவே இருக்கட்டும். சின்ன ஈக்களுக்கு அதுதான் வைத்தியம், பழத்தோல் கண்ணில் பட்டால்தானே அவை முட்டையிடும்? வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கைவிரல் நனைய வேண்டும், நீர் ஒழுகக்கூடாது. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் தெளியுங்கள்.

தடித்த சாம்பல்நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், கழிவை உங்களைவிட வேகமாகத் தீர்ப்பவை. இறைச்சி, பால்பொருள், எண்ணெய் மிகுந்த மிச்சங்கள் மட்டும் சின்ன வாளிக்கு ஆகாது.

வாளி நிறைந்ததும் புதிதாக எதையும் சேர்க்காமல் இரண்டு, மூன்று மாதம் விடுங்கள். கறுத்து, மழை பெய்த மண் வாசனை வந்தால் தயார். சந்தேகம் இருந்தால் ஈரமான ஒரு பிடியைக் காற்றுப் புகாத உறையில் போட்டு மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது நாறினால் இன்னும் மட்கி முடியவில்லை. அரைகுறை உரத்தைச் செடிக்குப் போட்டால் அது மண்ணிலிருக்கும் நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.

கேள்வி: 'மட்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்ட பையை அதே வாளியில் போடலாமா?

வேண்டாம். அவற்றில் பல பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை. 60 டிகிரியை ஒட்டிய சூட்டைத் தொடர்ந்து காக்கும் பெரிய உர ஆலைகளில்தான் அவை ஒழுங்காகச் சிதையும். உங்கள் வாளி அந்தச் சூட்டைப் பிடித்துவைக்காது. ஆறு மாதம் கழித்தும் பை பையாகவே கிடக்கும். மற்ற பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக்கும் போடாதீர்கள், அந்தக் குவியலைக் கெடுத்துவிடும்.

கேள்வி: துணிப்பைகள் வீட்டில் இருபது சேர்ந்துவிட்டன. இது பசுமைதானே?

இருபது என்றால் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் பருவநிலைப் பாதிப்புக்குக் கீழே இறங்க, காகிதப்பையை 3 முறையும் பாலிபுரொப்பிலீன் பையை 11 முறையும் பருத்திப்பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்க நீரும் உரமும் கொஞ்சமா ஆகிறது? தெருவிலும் கடலிலும் சேரும் பிளாஸ்டிக் குப்பை இந்தக் கணக்கில் இல்லை, அதில் துணிப்பைக்கே வெற்றி. இரண்டு பை போதும். வாசலில் ஒன்று, வண்டியில் ஒன்று. இலவசமாக நீட்டும் இருபத்தோராவது பையை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜ், பழைய போன் இரண்டையும் மாற்றினால் மின்சாரம் மிச்சமாகும் என்று மகன் சொல்கிறான்.

பாதி சரி. போனின் மொத்தப் பாதிப்பில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்து முடிந்துவிட்டது. தினமும் சார்ஜ் செய்ய ஆண்டுக்கு ஏழு யூனிட் ஆனாலே அதிகம், இருபது வாளி. அதில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதே லாபம். ஃபிரிட்ஜ் நேர்மாறு, அதன் பாதிப்பு ஓடும்போதுதான். ஒரு முழுநாள் மின்சாரத்தைச் சின்ன வாட் மீட்டர் வைத்து அளந்து, 365ஆல் பெருக்கி, புதியதன் ஆண்டு யூனிட்டோடு ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இறங்குகிறதென்றால் மாற்றலாம். பழையதைக் கூடத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஓடவிட்டால் மாற்றியதே வீண்.

கேள்வி: வேலைக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்குகிறது. உடம்பு பழகவில்லையா, வண்டி சரியில்லையா?

வண்டியை முதலில் பாருங்கள். பலரும் சைக்கிளைக் கைவிடுவது காற்றில்லாத டயராலும் காய்ந்த செயினாலும்தான், பழியை மட்டும் முழங்காலின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவில்லை; மானி வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். ரப்பர் டியூபிலிருந்து காற்று தானாகவே மெல்லக் கசியும், ஆகவே வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். அடுத்து, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். பிரேக் கட்டை உரசினால் சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும்.

சீட் உயரத்துக்கு எளிய சோதனை: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். தரையில் இரண்டு காலையும் முழுதாக ஊன்றும்படி தாழ்த்தி வைத்தால் முழங்கால்தான் கூலி கொடுக்கும்.

செயினுக்கு எண்ணெய் விடுவதில் நடக்கும் தவறு, மேலே ஊற்றிவிட்டு அப்படியே ஓட்டுவது. எண்ணெய் வேண்டியது உருளைகளுக்கு உள்ளே. முதலில் பழந்துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடையுங்கள். பிறகு செயின் எண்ணெயை ஓர் உருளைக்கு ஒரு சொட்டு வீதம், செயினின் உள்பக்கத்தில் விடுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். கடைசியாக, வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் மணல் ஒட்டி, அரைக்கும் பசையாக மாறிப் பல்சக்கரத்தைத் தின்னும். துரு நீக்கும் மெல்லிய தெளிப்பு, செயின் எண்ணெய்க்கு மாற்று இல்லை. இருந்த எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அடிக்கோல் சொல்லும். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளிப்போகும்வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும்.

இவ்வளவு பார்த்தபின்னும் மூச்சு வாங்கினால், அல்லது வழியில் ஏற்றம் இருந்தால், மின்சார சைக்கிளுக்குப் போவதில் வெட்கம் இல்லை. கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணிதான் அது கேட்கும். நம்முடைய ஒரு வாளி வெந்நீர், அதை 23 முதல் 35 கிலோமீட்டர்வரை ஓட்டிவிடும்.

கேள்வி: காரை விட முடியாது. பெட்ரோலையாவது குறைக்க வழி?

எந்தப் பயணத்தை விடுவது என்று தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் வேண்டாம். முதலில் விட வேண்டியது இரண்டு கிலோமீட்டருக்குள் முடிகிற பயணம். குளிர்ந்த எஞ்சின் அதிகம் குடிக்கும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் கருவி சில நூறு டிகிரி சூடேறிய பிறகுதான் வேலையே தொடங்கும். அது சூடாவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். வழியெல்லாம் வடிகட்டாத புகை. கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்டால் இதைவிட மோசமான பயணம் கிடையாது, நடந்தால் 25 நிமிடம்.

டயர் அழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையும்போதும் எரிபொருள் செலவு சுமார் 0.2 சதவீதம் கூடும். பத்து குறைந்திருந்தால் 2 சதவீதம், டயர் தேய்வது தனி. சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பின்பற்ற வேண்டாம். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய பிறகு சூட்டில் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாகத்தான் இருக்கும்.

80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் காற்றின் தடை 56 சதவீதம் கூடும். மேலே சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் எஞ்சினை அணைப்பதே சிக்கனம், போக்குவரத்துக்கு நடுவே வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. "முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து அதைப் போல மூன்று மடங்கு எடையா?" என்று கேட்பவர்களுக்கு: மீதி எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன்.

கேள்வி: 600 கிலோமீட்டர் தூரக் குடும்ப விசேஷம். நான்கு பேர். ரயில், பஸ், கார், விமானம், எதில் போனால் பாதிப்பு குறைவு?

பிரிட்டன் அரசு வெளியிடும் கணக்கீட்டு எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு நபர், ஒரு கிலோமீட்டர், கரியமில வாயுக் கணக்கில்: நீண்டதூரப் பஸ் 30 கிராமுக்குள், ரயில் 35 கிராம் அளவில், உள்நாட்டு விமானம் 250 கிராம் அளவில். பெட்ரோல் கார் வண்டிக்கு 165 கிராம் அளவில். நாட்டுக்கு நாடு எண் மாறும், வரிசை அவ்வளவாக மாறாது.

விமானத்தில் ஆளுக்கு 150 கிலோ. காரில் ஒருவர் தனியாகப் போனால் 99 கிலோ. நால்வரும் ஒரே காரில் போனால் ஆளுக்கு 25 கிலோதான். ரயிலில் 21, பஸ்ஸில் 16 முதல் 18. ஆகவே கார் நிறைய ஆள் இருந்தால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. உண்மையான கேள்வி, விமானமா இல்லையா என்பது. அதை விட முடியாத தூரமென்றால் நேரடி விமானமாகப் பாருங்கள். எழும்பும்போது குடிக்கும் எரிபொருள் அதிகம், இடையில் இறங்கி மாறினால் அதை இரண்டு முறை செலவழிக்கிறீர்கள். அகலமான உயர்வகுப்பு இருக்கை இரண்டு, மூன்று பேரின் இடத்தை அடைக்கிறது, கணக்கும் அப்படியே ஏறும். பெட்டியில் இரண்டு கிலோ குறைப்பதெல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை.

கேள்வி: குழாய் எதுவும் சொட்டவில்லை, ஆனாலும் தண்ணீர் மீட்டர் ஓடுகிறது.

கழிவறைத் தொட்டியைப் பாருங்கள். சத்தமில்லாமல் ஒழுகுவது அதுதான். தொட்டி நீரில் உணவுக்குப் போடும் நிறத்தில் சில சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் 15 நிமிடம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி வால்வின் ரப்பர் போய்விட்டது. ரப்பரை நகத்தால் கீறிப் பாருங்கள்: கையில் கறுப்பு ஒட்டினால் மாற்ற வேண்டும், ஒட்டாவிட்டால் அது உட்காரும் விளிம்பில் படிந்த உப்பைத் தேய்த்து எடுத்தாலே போதும். நிறம் தெரியாமல், தண்ணீர் நடுக்குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் மிதவையின் குறை. மிதவைத் திருகைத் திருப்பி, நீர்மட்டம் அந்த வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி வையுங்கள். தண்ணீரைக் குறைக்கத் தொட்டிக்குள் செங்கல் போடும் வழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது கரைந்து உதிரும் துகள்தான் பல வீடுகளில் அந்த ரப்பரின் அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. நீர் நிரப்பி மூடிய பாட்டில் ஒன்று அதே வேலையைச் செய்யும்.